சங்கத்தில் இருக்கும் எலக்ட்ரீசியன்: தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். நாகர்கோவில் கோணம் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவு, இரண்டாம் வருடம். அவனுடைய அத்தை மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே யூனியன் எலக்ட்ரீசியன் என்றால் நல்ல சம்பளம், நல்ல மரியாதை என்று போனில் சொல்லியிருக்கிறான்.

"மாமா, யூனியன் எலக்ட்ரீசியன்னா யாரு? ஈ.பி.யில உள்ளவங்களா? நம்ம ஊர்ல அப்படி உண்டா? சேர்ந்தா என்ன கிட்டும்?"

அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் 1998-ல் தக்கலையில் ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தவன். சுவர் வெட்டுவதும் பைப் சுமப்பதும்தான் முதல் இரண்டு வருட வேலை. சங்கத்தில் சேர்ந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. அந்தத் தாமதத்தால் நான் இழந்தது கொஞ்சம், என்னோடு வேலை பார்த்தவர்கள் இழந்தது அதிகம். அதனால்தான் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த அமெரிக்கக் கதை. அங்கே மின்தொழிலாளர்களுக்கு ஐ.பி.இ.டபிள்யூ. என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1891-ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லர் கம்பத்தில் ஏறி லைன் வேலை பார்த்தவர். சங்கம் தொடங்கி ஐந்தாவது வருடம், 1896-ல், வேலையில் இருக்கும்போதே ஷாக் அடித்து இறந்துபோனார். கம்பத்தில் ஏறுகிறவன் சாயங்காலம் வீடு திரும்புவான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத காலம் அது. அந்தப் பயத்திலிருந்துதான் சங்கம் பிறந்தது.

இன்றைக்கு அது நடக்கும் விதம் இப்படி: ஒரு வட்டாரத்தில் உள்ள கான்ட்ராக்டர்களும் சங்கமும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போடுகிறார்கள். மணிக்கு எவ்வளவு கூலி, மருத்துவக் காப்பீட்டுக்கு எவ்வளவு, ஓய்வூதிய நிதிக்கு எவ்வளவு என்று எல்லாமே அதில் எழுதப்பட்டிருக்கும். ஒரு கான்ட்ராக்டருக்குப் பத்து ஆள் வேண்டுமென்றால் சங்க அலுவலகத்துக்குச் சொல்லுவார். வேலையில்லாமல் பெயர் பதிந்து வைத்திருப்பவர்களை அங்கிருந்து வரிசைப்படி அனுப்புவார்கள். கட்டடம் முடிந்ததும் அந்த எலக்ட்ரீசியன் திரும்பி வந்து பட்டியலில் பெயர் எழுதிக்கொள்வான். அடுத்த வேலைக்கு வேறு முதலாளி. ஆனால் காப்பீடும் ஓய்வூதியமும் அறுந்துபோகாது. பல முதலாளிகளும் சேர்ந்து பணம் கட்டும் பொது நிதி அது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது சம்பளத் தொகையைவிட இந்தக் கடைசி விஷயம்தான். கட்டட எலக்ட்ரீசியனுக்கு முதலாளி மாறிக்கொண்டே இருப்பார். இந்த மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கடை, அடுத்த மாதம் திருவட்டாரில் ஒரு வீடு. எந்த முதலாளியும் நம்முடைய முப்பது வருடத்துக்குப் பொறுப்பல்ல. அப்படியானால் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு நம் கூடவே வருவது எது? தொழில் பற்றி யோசிக்கும்போது இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அங்கே தொழில் பழகுவதும் சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து நடத்தும் பயிற்சி வழியாகத்தான். வழக்கமாக ஐந்து வருடம். கட்டட இடத்தில் சுமார் 8,000 மணி நேர வேலை, கூடவே வகுப்பு. முதல் நாளிலிருந்தே கூலி உண்டு. முழு எலக்ட்ரீசியன் வாங்குவதில் ஒரு பங்காகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும். கடன் வாங்கிப் படிக்கத் தேவையில்லை என்பதால்தான் அங்குள்ள பையன்கள் கல்லூரிக்குப் போவதா இதில் சேர்வதா என்று யோசிக்கிறார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

நம் ஊரில் சங்கம் என்றால்

நம் சங்கங்கள் ஆள் அனுப்புவதில்லை. வேலையை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். சங்கத்தில் சேர்ந்தவுடன் நாளைக்கே வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்னே எதற்குச் சங்கம் என்று கேட்டால், அதற்கு நம் தொழில் நடக்கிற விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டு வயரிங் நம் மாவட்டத்தில் பெரும்பாலும் பாயிண்ட் கணக்கு. ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு பிளக் என்று எண்ணி, பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசுவோம். கேட்க எளிதாக இருக்கும். சண்டை முழுக்க எது பாயிண்ட், எது பாயிண்ட் இல்லை என்பதில்தான் வரும். மாடிப்படிக்கு டூவே சுவிட்ச் (ஒரே லைட்டை மேலேயும் கீழேயும் இருந்து போடுவது) போட்டால் ஒன்றா, இரண்டா? ஏ.சி.க்குத் தனியாக 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) தடித்த வயர் இழுத்தால் அது சாதாரண பிளக் கணக்கில் வருமா? வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துவிடும் டி.பி. போர்டு கட்டுவதற்குத் தனிக்கூலி உண்டா, இல்லை மொத்தத்தில் அடக்கமா? வீட்டுக்காரர் ஒன்று நினைப்பார், நாம் ஒன்று நினைப்போம். 80 பாயிண்ட் உள்ள வீட்டில் பாயிண்டுக்குப் பத்து ரூபாய் குறைந்தால் 800 ரூபாய் போய்விடும். டூவேயும் போர்டும் கணக்கில் வராமல் போனால் அதைவிட அதிகமாகப் போகும்.

பணம் வருகிற முறையும் அப்படித்தான். வார்ப்புக்கு முன்னால் கம்பி கட்டியதும் ஃபேன் பாக்ஸ், லைட் பாக்ஸ் வைத்துப் பைப் போடுகிறோம், ஒரு தவணை. சுவர் வெட்டிப் பைப் புதைத்ததும் ஒன்று. வயர் இழுத்ததும் ஒன்று. கடைசித் தவணை ஃபிட்டிங் எல்லாம் மாட்டி முடித்த பிறகு. அதற்குள் பால்காய்ப்பு நாள் வந்துவிடும். அந்த வாரம் வீட்டுக்காரர் கையில் காசு நிற்காது. டைல்ஸ்காரருக்கும் பந்தல்காரருக்கும் கொடுத்தது போக, எலக்ட்ரீசியனுக்கு "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அப்படிப் போன வாரங்களை எண்ணினால் எனக்கே ஒரு வருடம் தேறும்.

ஒரு வட்டாரத்தில் உள்ள எலக்ட்ரீசியன்கள் சேர்ந்து சங்கமாகும்போது முதலில் நடப்பது இந்த விஷயம் எழுத்துக்கு வருவதுதான். டூவே எவ்வளவு, பவர் பிளக் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எத்தனை பங்கு பணம் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். அது சட்டமில்லை. மீறினால் யாரையும் ஜெயிலில் போட முடியாது. ஆனால் வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்காரரிடம் அந்தத் தாளைக் கொடுத்துப் பேசினால் பின்னால் வரும் மனக்கசப்பு பாதிக்கு மேல் இல்லாமல் போகும். இது வீட்டுக்காரருக்கும் நல்லதுதான்.

சங்கம் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு வடிவம் உண்டு. 1926-ம் வருடத் தொழிற்சங்கச் சட்டம்தான் அதற்கு அடித்தளம். குறைந்தது ஏழு பேர் கையெழுத்துப் போட்டுப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதில் இருந்தது. மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியபோது இந்தச் சட்டமும் தொழில் உறவுத் தொகுப்புக்குள் போய்விட்டது. அந்த ஏழு பேர் கணக்கு அதிலும் தொடர்கிறது. ஆகவே பதிவு எண் உள்ள சங்கம் வேறு, டீக்கடையில் கூடுகிற கூட்டம் வேறு. சேருமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள். சந்தாவுக்கு ரசீது கொடுக்கிறார்களா, வருடக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கிறார்களா என்று பாருங்கள். ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு., பி.எம்.எஸ்., தொ.மு.ச. என்று எதனோடு இணைந்திருந்தாலும் இந்தக் கேள்விகள் ஒன்றுதான். எந்த மைய அமைப்போடும் சேராமல் தனியாக இயங்கும் சங்கங்களும் உண்டு.

நலவாரிய அட்டை

தமிழ்நாட்டில் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் விடாமல் போராடியதன் பலன் அது. அதன் கீழ் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. கொத்தனார், ஆசாரி, பெயின்டர், பிளம்பர் மாதிரியே எலக்ட்ரீசியனும் அதன் பட்டியலில் இருக்கிறார். பல எலக்ட்ரீசியன்களுக்கே இது தெரியாது. "அது கொத்தனாருக்கு உள்ளதுல்லா" என்பார்கள்.

வாரியத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? புதிதாகக் கட்டடம் கட்டுகிறவர்கள் மதிப்பீட்டில் ஒரு சதவீதம் கட்டுகிறார்கள். நாம் வயரிங் செய்யும் வீட்டிலிருந்தே நமக்கான நிதி போகிறது. 18 வயது முடிந்து 60 ஆகாதவர்கள் பதிந்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பிரசவம், மூக்குக் கண்ணாடி, விபத்து, மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. 60 வயதான பிறகு மாத ஓய்வூதியம் உண்டு. தொகைகளை அரசு அவ்வப்போது மாற்றுவதால் இங்கே எழுதவில்லை. நாகர்கோவிலில் தொழிலாளர் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் கேட்டால் அன்றைய நிலவரத்தைச் சொல்லுவார்கள்.

இது அரசு வாரியம். சங்கத்தில் இல்லாதவரும் பதியலாம், பதிவுக்குக் கட்டணம் இல்லை. பிறகு சங்கம் இதில் என்ன செய்கிறது? அட்டை எடுக்கச் சொல்லி நச்சரிக்கிறது. ஆன்லைனில் ஏற்றும்போது எந்தச் சான்று விடுபட்டது என்று பார்க்கிறது. காலக்கெடு முடியுமுன் புதுப்பிக்க நினைவூட்டுகிறது. மனு திரும்பி வந்தால் கூடவே அலுவலகத்துக்கு வருகிறது. அட்டை புதுப்பிக்காமல் விட்டதால் மகளின் கல்லூரிப் பணம் கிடைக்காமல் போன ஒருவரை எனக்குத் தெரியும். சின்ன வேலைகளாகத் தெரியும், ஆனால் கூலி வேலைக்குப் போகிறவன் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. மூன்று தடவை அலைந்தால் விட்டுவிடுவான்.

இப்போது ஒரு சம்பவம். 2011-ல் நாகர்கோவிலில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் ஆறு பேர் வேலை செய்துகொண்டிருந்தோம். என்னோடு வந்தவர், அப்போது முப்பது வயது இருக்கும், சாரத்தில் நின்று கட்டிங் மெஷினால் சுவர் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷின் வயரில் ஒரு இடத்தில் தோல் உரிந்து டேப் சுற்றியிருந்தது. முந்தின நாள் பெய்த மழையில் சாரம் ஈரமாக இருந்தது. ஷாக் அடித்துக் கீழே விழுந்தார். உயிர் பிழைத்தது, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். மூன்றாம் நாள் அவர் போனை எடுக்கவில்லை. பத்தாம் நாள் ஆள் அனுப்பிச் சொன்னார்: "அவன் என் ஆளே கிடையாது, யாரோ கூட்டிட்டு வந்த ஆளு."

வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதல் இந்த நாட்டில் சட்டம். ஆனால் அவர்தான் முதலாளி என்று எப்படிக் காட்டுவது? வருகைப் பதிவேடு கிடையாது. கூலி கையில் கொடுத்தது. வேலைக்கான கடிதம் எதுவும் இல்லை. அப்போதுதான் நாங்கள் சங்கத்துக்குப் போனோம். செயலாளர் முதலில் கேட்டது, "உங்க யாருகிட்டயாவது நோட்டு உண்டா?" என்றுதான். என்னிடம் இருந்தது. தேதி, இடம், கூட யார், அன்று என்ன வேலை, எவ்வளவு அட்வான்ஸ் என்று சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டில் எழுதும் பழக்கம் என் மேஸ்திரி கற்றுக்கொடுத்தது. அதில் நாற்பத்து மூன்று நாள் அடிபட்டவர் பெயர் இருந்தது. கூடவே அந்தக் கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஹார்டுவேர் கடைச் சீட்டு இரண்டு. இவ்வளவுதான் ஆதாரம். சங்கத்தார் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மனு எழுதிய தாளைக் காட்டிய பிறகு ஆஸ்பத்திரிச் செலவும் ஐந்து மாதக் கூலியும் தர ஒப்புக்கொண்டார். மனு அலுவலகம் வரை போகவே இல்லை.

வாரியத்திலிருந்து எதுவும் வரவில்லை. விபத்து நடந்த அன்று அடிபட்டவர் அங்கே பதிந்திருக்கவில்லை. பிறகு பதிந்தது பின்னால் வருவதற்குத்தான் உதவும். நாங்கள் ஆறு பேரும் அந்த மாதமே பதிந்தோம். நான் சங்கத்தில் சேர்ந்ததும் அப்போதுதான்.

படிப்பும் உரிமமும்

ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு நம் கூடவே வருகிறவற்றில் முதலாவது சான்றிதழ். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் சேரலாம், இரண்டு வருடம். முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ். அதன்பிறகு 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின்படி ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையுடன் பயிற்சி எடுத்தால் இன்னொரு சான்றிதழ். மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், மத்திய அரசு நிறுவனங்கள் எல்லாம் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். இந்த ஒரு வருடத்தை வீண் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பெரிய பேனல் போர்டு, மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் வீட்டு வயரிங்கில் கண்ணில் படாது.

ஐ.டி.ஐ. போகாமல் என்னைப்போல் கையாளாகத் தொடங்கியவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று அரசு நடத்துகிறது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், வயரிங் தொழிலில் குறைந்தது ஐந்து வருட அனுபவம் காட்ட வேண்டும். செய்முறைத் தேர்வு உண்டு. நான் அதில்தான் தேறினேன். இதற்கு மேலே மேற்பார்வையாளர் தகுதி, அதற்கு மேலே கான்ட்ராக்டர் உரிமம் என்று படி போகிறது. புதிய மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது வயரிங்கைச் சோதித்து அறிக்கையில் கையெழுத்துப் போட உரிமம் உள்ளவர்தான் வேண்டும். வேலை செய்தது ஒருவர், காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறது இன்னொருவர் என்று பல இடங்களில் நடக்கிறது. சோதிக்காத வயரிங்குக்குப் போடும் கையெழுத்து அது. என்றைக்காவது யாராவது ஒரு குழந்தை ஈரக்கையோடு தொடும்.

இதில் அனுபவச் சான்று என்று வரும்போது மறுபடியும் அதே நோட்டு. ஐந்து வருடம் யாரிடம் வேலை பார்த்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். உரிமம் உள்ள ஆட்கள் சங்கத்தில் இருந்தால் அவர்கள் கூட வேலை பார்த்த பையனுக்குச் சான்று கொடுப்பார்கள். தேர்வு அறிவிப்பு வந்த செய்தியும் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வரும்.

கைவேலை பற்றி ஒன்று சொல்கிறேன். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடற்கரை வீடுகளில் வேலைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. உப்புக்காற்றில் செம்புக் கம்பி பச்சையாகக் களிம்பு பிடித்துவிடும். எர்த் குழாயில் கம்பியை முறுக்கிய நட்டும் போல்ட்டும் துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். லைட் எரியும், ஃபேன் ஓடும், டி.வி. ஓடும். எர்த் செத்துக் கிடப்பது யாருக்கும் தெரியாது. ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு மாட்டி ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தால் நல்ல எர்த்தாக இருந்தால் பளிச்சென்று எரியும். மங்கினால் குழியைத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் பல்பு எரியுமுன் அது ட்ரிப் ஆகிவிடும், ஆகவும் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணையும்படி செய்யப்பட்ட கருவி அது. இந்தச் சோதனையைப் பழகுகிறவர்கள் தனியாகச் செய்யக்கூடாது. பக்கத்தில் மூத்தவர் ஒருவர் நிற்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித்தரவில்லை. இப்போது எங்கள் சங்கக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடித்ததும் அரைமணி நேரம் யாராவது ஒருவர் இப்படி ஒன்றைச் செய்து காட்டுகிறார். எனக்குச் சங்கத்தில் மிகவும் பிடித்த நேரம் அது.

ஈ.பி., காற்றாலை, வெளிநாடு

பையன் கேட்டபடி ஈ.பி. தான் யூனியனா? இல்லை. ஆனால் சங்கம் வலுவாக வேரூன்றிய இடம் அது. 1957-ல் தமிழ்நாடு மின்சார வாரியம் அமைந்தது. 2010-ல் பிரிந்து, 2024-ல் மறுபடி பிரிந்து, இன்றைக்கு விநியோகத்துக்குத் தனி நிறுவனம், உற்பத்திக்குத் தனி நிறுவனம். ஊரில் எல்லோருக்கும் அது இன்னும் ஈ.பி. தான். கள உதவியாளர், வயர்மேன், லைன்மேன் என்று நிரந்தர வேலைக்குப் போனால் ஊதிய விகிதம், விடுப்பு, பதவி உயர்வு எல்லாம் உண்டு. அந்த ஊதிய விகிதத்தைச் சங்கங்களும் நிர்வாகமும் பேசித்தான் ஒப்பந்தம் போடுகிறார்கள். அமெரிக்கப் பையன் சொன்ன ஏற்பாட்டுக்கு நம் ஊரில் மிக அருகில் வருவது இதுதான்.

அதே கம்பத்தில் ஒப்பந்தத் தொழிலாளியும் ஏறுகிறார். அதே ஆபத்து, கூலி மட்டும் வேறு. இரண்டு வருடத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதை வைத்துத்தான் வழக்காடி வந்திருக்கிறார்கள். கட்டட வேலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30-ம் தேதி யாருக்கும் மறக்காது. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் கம்பம் சாய்ந்தது. குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் மரங்கள் லைனோடு சேர்ந்து விழுந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்தார்கள். அப்போது எங்களைப் போன்ற வீட்டு எலக்ட்ரீசியன்களுக்கு ஒரு வேலை இருந்தது. கரண்ட் இல்லாத வீடுகளில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து நேராக ஒரு பிளக்கில் சொருகிவிடுகிறார்கள். மெயினை அணைக்காமல் விட்டால் அந்தக் கரண்ட் சர்வீஸ் வயர் வழியே வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறி ஹெச்.டி. லைனுக்கு, அதாவது உயர் அழுத்த லைனுக்குப் போகும். லைன்மேன் எல்.சி. (லைனை அணைத்தாயிற்று என்ற அனுமதி) வாங்கி, லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கையை வைக்கிறார். அதனால்தான் அவர்கள் லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு போட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். நாங்கள் எங்கள் தெருக்களில் வீடு வீடாகப் போய் மெயினை இறக்கி, மாற்றுச் சுவிட்ச் இல்லாத வீடுகளில் ஜெனரேட்டரைத் தனி வயரில் ஓட்டச் செய்தோம். கூலி கேட்கவில்லை. கம்பத்தில் நிற்பவரும் நம் தொழில்காரர்தானே.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு நல்ல வாய்ப்பு. மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். அந்த நேரத்தில் ஒரு இயந்திரம் நின்றால் நஷ்டம் என்பதால் இரவிலும் ஏறச் சொல்லுவார்கள். உயரம் பழகியவர்கள் போகலாம். பராமரிப்பு நிறுவனத்தில் சேரும்போது பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, வேலைக்கான கடிதம் தருகிறார்களா என்று முதல் நாளே பாருங்கள். புதிய தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கேட்பது உங்கள் உரிமை. பி.எஃப். எண் ஒன்றுதான், நிறுவனம் மாறினாலும் அதுவும் கூடவே வரும்.

திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடம் நிறையப் பேர். கட்டடக் கூலியில் கேரளம் நாட்டிலேயே முன்வரிசையில் இருப்பது ரிசர்வ் வங்கிப் புள்ளிவிவரத்திலும் தெரிகிறது. அங்கே சங்கம் பலமாக இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம். வளைகுடா என்றால் கணக்கு வேறு. சவூதியிலும் அமீரகத்திலும் தொழிற்சங்கத்துக்கே அனுமதி இல்லை. அங்கே போனால் ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான். அதனால் விமானம் ஏறும் முன்பே அதைப் படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். போகும் வரை இங்கே வாரிய அட்டையைக் கைவிட்டுவிடாதீர்கள்.

சங்கங்களில் குறையும் உண்டு. கட்சிச் சண்டையில் இரண்டாகப் பிரிந்த சங்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று வருடம் விலைத்தாள் இரண்டு புழங்கி யாருக்கும் பயனில்லாமல் போயிற்று. கூட்டத்துக்கு வராமல், அடிபட்ட பிறகு மட்டும் கதவைத் தட்டுகிறவர்களும் நிறைய. இன்னொன்று மனதுக்கு வருத்தம் தருவது. எலக்ட்ரீசியன் பிரிவு முடித்து வருகிற பெண்பிள்ளைகளை எந்த மேஸ்திரியும் சைட்டுக்குக் கூப்பிடுவதில்லை, சங்கங்களும் அதற்காக வாய் திறப்பதில்லை. பேனல் போர்டு வயரிங் மாதிரி பொறுமை வேண்டிய வேலைக்கு அவர்களைச் சேர்த்தால் என்ன? எங்கள் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்.

போன சனிக்கிழமை அந்தப் பையன் எங்களோடு அழகியமண்டபம் பக்கம் ஒரு வீட்டுக்கு வந்தான். மறுநாள் வார்ப்பு. கம்பிக்கு நடுவே குனிந்து நின்று சாயங்காலம் வரை பைப் போட்டான். கை கழுவிவிட்டு வந்தவன் சட்டைப்பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து, தேதி, இடம், ஃபேன் பாக்ஸ் 4, லைட் பாக்ஸ் 11 என்று எழுதினான். யாரிடம் வேலை என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, "மாமா, உங்க பேரப் போடட்டா?" என்று கேட்டான்.

போடு என்றேன்.